ராஜு சொல்லியிருக்க வேண்டுமா?

ஒக். 21, செவ்வாய்

பின்னேரம் முழுக்க மழை. கிணற்றடி சேறு. வெள்ளைச் சப்பாத்து காயவில்லை.

செய்ய இருந்தவை: ஏழாம், எட்டாம் அத்தியாயம் திரும்ப வாசிக்க. கணக்கு. நகம் வெட்ட. ஒன்றும் செய்யவில்லை.

இன்றைக்கு வகுப்பில், விஞ்ஞானப் பாடத்தின்போது, எனக்கு வந்துவிட்டது. இதை எழுதவே கை கூசுகிறது. ஒன்பதாம் ஆண்டில் இன்னும் பெரிய பிள்ளையாகாதவள் நான் ஒருத்திதான். மாமி வரும்போதெல்லாம் குசினிக்குள் அம்மாவிடம் கேட்பா. "இன்னும் இல்லையோ? டொக்டரிட்டக் காட்டினனீங்களோ?" நான் வெளியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்பேன். இவ்வளவு காலம் வராதது, இன்னும் கொஞ்சம் பொறுத்து வந்தால் என்ன?

30ஆம் திகதி போட்டி. வாசிப்பு மாதத்துக்கு வலய மட்டத்தில் நூல் கலந்துரையாடல். ஒரு குழுவுக்கு மூன்று பேர். நான், கபிசா, ஜெனிற்றா. எங்கள் பாடசாலை இதற்கு முதல் ஒருநாளும் போனதில்லை.

அம்மாவுக்குச் சொன்னால் நாளையிலிருந்து பாடசாலை இல்லை. அறைக்குள் ஒரு மூலை, பாய், வேறு கோப்பை. சுவிஸிலிருந்து மாமா வந்து தண்ணி வார்க்கும் வரைக்கும் அப்படித்தான். கபிசா எட்டாம் ஆண்டில் தவணைப் பரீட்சையே எழுதவில்லை. திரும்பி வந்தபோது மெலிந்து, காதில் புதுத் தோடு. ரீச்சர் எல்லாரும் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

சொல்லமாட்டேன். 30 முடியட்டும், 31 காலையில் வந்தது மாதிரிச் சொல்லுவேன்.

ஜெனிற்றாவிடம் நாப்கின் ஒன்று கேட்டு வாங்கினேன், சின்னம்மாவுக்கு என்று. "உன்ர சின்னம்மா கனடாவில எல்லோ?" என்றாள். பிறகு பையைத் திறந்து இருந்த எல்லாவற்றையும் தந்தாள்.

வயிறு நோகிறது. அம்மா இருமுகிறா. போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரியுமோ தெரியாது.

ஒக். 23, வியாழன்

வெயில். புழுக்கம்.

கந்தசட்டி தொடங்கிவிட்டது. க. தாயோடு சேர்ந்து விரதம், ஒருநேரச் சாப்பாடு. பயிற்சிக்கு வந்தபோது உதடு காய்ந்திருந்தது. ஜெ. அவளுக்கு முன்னாலேயே மீன் பணிஸ் சாப்பிட்டாள். "முருகன் உன்னைத்தான் பாக்கிறார், என்னையில்லை."

பயிற்சி நூலகத்தில். புத்தகம் எங்கள் பாடசாலையில் ஒன்றே ஒன்று. முன் பாதியை ரீச்சர் பிரதி எடுத்துத் தந்துவிட்டா, பிறகு மெசினுக்கு மை இல்லை. அதனால் புத்தகத்தைக் கொண்டுதிரிகிற பொறுப்பு என்னிடம்.

கதை மலைநாட்டுப் பாடசாலை ஒன்றின் பொது அறிவுக் குழுவைப் பற்றியது. நாலு பிள்ளைகள். அதில் செல்விக்குக் காது சரியாகக் கேட்காது. தெரிந்தால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று மறைக்கிறாள். பக்கத்தில் இருக்கிற ராஜுவுக்கு மட்டும் தெரியும். கேள்வி வரும்போது மேசைக்கடியில் அவள் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுகிறான். மாவட்டப் போட்டியில் கடைசிக் கேள்வி அவளுக்கு வருகிறது. அந்த நேரம் பார்த்து ராஜுவின் கை நடுங்குகிறது. ஒரு புள்ளியால் தோற்கிறார்கள். எல்லாம் வெளியில் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் அதிபர், ஆசிரியர், மற்ற இரண்டு பிள்ளைகள் எல்லாரும் ராஜுவைக் கேட்கிறார்கள், ஏன் சொல்லவில்லை என்று.

போட்டிக்குத் தந்த கேள்வியும் அதுதான்: ராஜு சொல்லியிருக்க வேண்டுமா?

ரீச்சர் பிரித்துத் தந்தா. நான் "சொல்லத் தேவையில்லை" பக்கம். க. "சொல்லியிருக்க வேண்டும்" பக்கம். ஜெ. முடிவுரை.

க. நல்லாகக் கதைத்தாள். "மற்ற ரெண்டு பேரும் என்ன பாவம் செய்தவை? அவையும் நித்திரை முழிச்சுப் படிச்சவை. ஒருத்தி மறைச்சதுக்கு எல்லாரும் தோக்கிறதோ?"

நான்: "சொல்லியிருந்தா அவளைத் தூக்கியிருப்பினம். அவளுக்குப் பதில் தெரியும். கேள்வி காதில விழுறதுதான் அவளுக்குப் பிரச்சினை. பொய் சொல்ல ஆசைப்பட்டு அவள் மறைக்கேல்லை. இருக்க விடமாட்டினம் எண்டு தெரிஞ்சு மறைச்சவள்."

சொல்லி முடிய என் குரல் ஒரு மாதிரிப் போய்விட்டது.

"அட, மது! அப்பிடித்தான், அந்த உணர்ச்சியோடையே சொல்லும்," என்றா ரீச்சர்.

ஜெ.: "ரீச்சர், ராஜு ஏன் சும்மா சும்மா அவளின்ர கையைப் பிடிக்கிறான்? அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கினமில்லை."

"ஜெனிற்றா, நீர் வாயை மூடும்." ரீச்சருக்கும் சிரிப்புத்தான்.

சனிக்கிழமை நயினாதீவு அம்மனிடம் போகிறோமாம். மூன்று பேருடைய பெயருக்கும் அருச்சனை. ஜெ.யும் வருகிறாள், கடலில் லோஞ்சுப் பயணத்துக்காக. துடக்கோடு அம்மன் கோவிலுக்கு எப்படிப் போவது? வரமாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். காய்ச்சல் என்றால் போட்டிக்கும் விடமாட்டார்கள்.

துடக்கோடு ஏறினால் லோஞ்சு நடுக்கடலில் நின்றுவிடும் என்று மாமி ஒருமுறை சொன்னவ. எப்போது, யாருக்கு நின்றது? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒக். 25, சனி

நின்றுவிட்டது.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன். குறிகட்டுவான் துறையில் கந்தசட்டிச் சனம். லோஞ்சுக்குள் கீழே இறங்கி நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். க. நடுவில். குளித்து, ஈரத் தலை, விபூதி. அவளில் படாமல் இருக்கப் பார்த்தேன். ஏலவில்லை, சனம் தள்ளியது. பாதிக் கடலில் எஞ்சின் இருமுகிற மாதிரிச் சத்தம் போட்டு நின்றது. லோஞ்சு பக்கவாட்டில் ஆடியது. ஒரு குழந்தை கத்தியது. யாரோ "அம்மாளாச்சி" என்றார்கள். அதற்குப் பிறகு தண்ணீர் பலகையில் அடிக்கிற சத்தம் மட்டும்.

இவ்வளவு சனமும் என்னாலே. அந்தக் குழந்தையும் என்னாலே.

க.வின் காதுக்குள் சொல்லிவிட்டேன். "எனக்கு வந்திட்டுது. செவ்வாய்க்கிழமையே. அம்மாக்குத் தெரியாது."

அவள் என்னைப் பார்த்த பார்வை. கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்தாள்.

பின்னால் ஒரு அண்ணை தண்ணீருக்குள் குதித்து, கத்தியோடு மேலே வந்தார். "விசிறியில சாதாளை சுத்திப்போட்டுது. பயப்பிடாதேங்கோ, இந்த மாசம் ஒவ்வொரு நாளும் இதுதான்." கையில் கறுப்புக் கடற்புல் ஒரு கட்டு. எஞ்சின் பிடித்தது. எல்லாரும் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு மனிசி மாங்காய்ச் சொதி செய்கிற விதத்தை விட்ட இடத்திலிருந்து சொன்னா.

ஒவ்வொரு நாளும் என்றார். அப்படியென்றால் நான் காரணமில்லை. அதை அவர் ஒரு நிமிசம் முந்திச் சொல்லியிருக்கலாம்.

கோவிலில் தலைவலி என்று சொல்லி வெளியில் கடைகளடியில் இருந்தேன். ஜெ. துணைக்கு இருந்தாள், வளையல் பார்த்தாள், ஒன்றும் வாங்கவில்லை. உள்ளே என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை நடந்திருக்கும். க. வெளியே வந்து ரீச்சரிடம் பிரசாதத்தைக் கொடுத்தாள். எனக்கு நீட்டவில்லை.

திரும்பும்போது வேறு பக்கத்தில் இருந்தாள். இறங்கும்போது கேட்டேன், "ஒருத்தருக்கும் சொல்லமாட்டாய் தானே?"

"நான் விரதமடி," என்றாள்.

அது ஓமா, இல்லையா?

ஒக். 27, திங்கள்

இருண்ட வானம், மழை பெய்யவில்லை. இன்றைக்குச் சூரன் போர்.

பாடசாலையில் க. என்னோடு கதைக்கவில்லை. பயிற்சியில் மேசைக்கு மற்றப் பக்கம் இருந்தாள். ரீச்சர் என்னை இரண்டு முறை சொல்லச் சொன்னா. "இதைத்தான் அங்கையும் சொல்லவேணும், ஒரு சொல்லும் மாத்தவேண்டாம்." க. புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பின்னேரம் க.வின் தாய் வந்தா. கோவிலுக்குப் போகிற வழியாம். படலைக்கு வெளியிலேயே நின்றா, அம்மா எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. நான் யன்னலடியில்.

"வாழ்த்துச் சொல்லத்தான் வந்தனான். பிள்ளை பெரிசாயிட்டாளாமே."

அம்மா சிரித்தா. ஒரு பிடியும் விளங்காமல் சிரித்தா.

"ஏசிப் போடாதேங்கோ அக்கா. சின்னப் பிள்ளை, தெரியாமச் செய்திட்டுது. ஆனா சட்டி நேரம், அம்மன் வாசல்... என்ர பிள்ளை பக்கத்தில இருந்து வந்தவள். ரெண்டு நாளா அழுகை, சாப்பிடாள். உண்ணாணை, வேற ஒருத்தரிட்டையும் நான் வாய் திறக்கமாட்டன். ஒரு பரிகாரம் செய்து விடுங்கோ."

அம்மா அப்போதும் சிரித்துக்கொண்டு, "ஓம் ஓம், செய்வம், செய்வம்" என்றா. படலை சாத்துகிற சத்தம். செருப்பு.

பிறகு அடி. கன்னத்தில் ஒன்று, முதுகில் எத்தனை என்று தெரியாது. "ஊரான் வந்து எனக்குச் சொல்லுறதோ! பெத்தவள் நான் இருக்க!" அடித்துக்கொண்டே அழுதா. "இவ்வளவு நாளும் எப்பிடியடி மறைச்சனி? என்ர முகத்தைப் பாத்துச் சோறு திண்டனியேடி."

நான் போட்டி என்றேன். "என்ன போட்டி?" அவவுக்கு உண்மையிலேயே நினைவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தா. முகம் கழுவியிருந்தா. குரல் மாறியிருந்தது.

"கேள், பிள்ளை. இண்டைக்குப் பின்னேரந்தான் வந்தது. விளங்குதோ? மாமிக்கும் அப்பிடி, அப்பாக்கும் அப்பிடி. கோவிலுக்குப் போனது முதல். வந்தது பிறகு. ஆர் கேட்டாலும் இதுதான்."

மறைத்ததற்கு அடித்த கையாலேயே என் தலையைத் தடவி, மறைக்கச் சொன்னா.

ஒக். 28, செவ்வாய்

மழை.

மூலை. பாய். பக்கத்தில் பாக்குவெட்டி, பேய் அண்டாமலிருக்க. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். விழுங்கியதும் ஓங்காளித்தது. மாமி மூக்கைப் பிடித்து மற்றதையும் ஊற்றினா. "இப்பதான் எனக்கு நிம்மதி. நான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக்கொண்டெல்லோ இருந்தனான்."

ஐயரிடம் போக நேரம் வேண்டுமாம். "எத்தினை மணிக்கு?" என்று மாமி கேட்டா. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா, "பொழுதுபடேக்க, நான் விளக்குக் கொளுத்தேக்க" என்றா, கண் இமைக்காமல். அந்த நேரத்தை வைத்து என் கலியாணம், பிள்ளைகள், கண்டம் எல்லாம் கணிக்கப் போகிறார்கள். வேறு யாருடையதோ வாழ்க்கை. எனக்குச் சிரிப்பு வந்தது. "வெக்கப்படுறாள்" என்றா மாமி.

அப்பாவைப் பார்க்கக்கூடாது. கதவுக்கு மற்றப் பக்கம் நின்றார். நான் இங்கிருந்தே கேட்டேன்.

"அப்பா, வியாழக்கிழமை மட்டும். போயிட்டு உடன வந்திடுவன். ஒருத்தரிலையும் படமாட்டன்."

"என்ன பிள்ளை கதைக்கிறாய்? போட்டி வருசா வருசம் வரும். இது வாழ்க்கையில ஒருக்கா."

"அடுத்த வருசம் வேற புத்தகம்."

"அப்ப அதைப் படியன்."

போய்விட்டார். அவர் கோபப்படவில்லை. சந்தோசமாக இருந்தார். மாமாவுக்கு போன் எடுத்து உரக்கக் கதைத்தது கேட்டது. மண்டபம், வீடியோக்காரன், நவம்பர் 14. ஐயரும் நல்ல நாள் என்றாராம், மாமாவுக்கும் லீவாம்.

இன்னொன்று. அம்மா காலையில் அறைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணி தெளித்தா. கட்டில், பை, உடுப்பு. புத்தகங்களைத் தெளித்துவிட்டு வெளியில் எடுத்தா. சரஸ்வதியாம், இந்த நாளில் நான் தொடக்கூடாதாம். அந்தப் புத்தகத்துக்கு மட்டும் செம்போடு ஊற்றியிருக்கிறா. நான் செவ்வாய் தொடக்கம் கையில் வைத்திருந்தது அதுதானே, கூடுதல் அழுக்கு. பிறகு குசினி யன்னலில் வெயிலுக்கு வைத்தாவாம். வெயில் எங்கே? மழைச்சாரல்.

நூலகப் புத்தகம். ஒன்றே ஒன்று. எட்டிப் பார்த்தேன், ஊறின பணிஸ் மாதிரி ஊதிப் போய், எல்லாப் பக்கமும் மஞ்சள்.

ரீச்சர் அதை வாங்க ஆள் அனுப்பினவ. அம்மா ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொடுத்து, "சுத்தமாக்கித்தான் தாறன்" என்று சொன்னா.

பேனையும் தொடக்கூடாது. தொட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒக். 30, வியாழன்

வெயில். வேண்டுமென்றே மாதிரி நல்ல வெயில்.

காலை பஸ் சத்தம் கேட்டது. அதில்தான் போயிருப்பார்கள். எனக்குப் பதிலாகப் பத்தாம் ஆண்டு அக்கா ஒருத்தி. அவ புத்தகத்தையே வாசிக்கவில்லை.

கத்தரிக்காய், உளுத்தங்களி. கத்தரிக்காய், உளுத்தங்களி. மாமி இடுப்பைப் பிடித்துப் பார்க்கிறா, பலம் வந்துவிட்டதா என்று.

நான் சொல்ல இருந்ததைச் சுவருக்குச் சொல்லிப் பார்த்தேன். நடுவில் மறந்தது. திரும்பத் தொடங்கினேன். மறக்கவில்லை என்று எனக்கே காட்டவேண்டும்போல இருந்தது. யாருக்கு?

பின்னேரம் ஜெ.யின் குரல், படலையில். அம்மா உள்ளே விடவில்லை, சொந்தக்காரர் மட்டும்தானாம். ஜெ.க்கு அதெல்லாம் ஒரு தடையா? ரோட்டிலிருந்தே கத்தினாள்.

"மது! வெண்டிட்டம்! முதலாமிடம்! கேக்குதோ?"

"கேக்குது!"

"அந்த அக்கா ஒண்டுமே கதைக்கேல்லை, மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தவ! கபிசாதான் உன்ர பக்கத்தையும் சேத்துக் கதைச்சவள்! நீ சொன்ன அதே வசனம்! ஒரு நடுவர் எழுதி எடுத்தவர்!"

அம்மா: "மெல்லக் கதை பிள்ளை, ரோட்டால சனம் போகுது."

"புத்தகத்தைக் கண்டு எல்லாரும் சிரிச்சவை! கறிக்குள்ள விழுந்ததோ எண்டு கேட்டவை! நான் சொன்னன், ஓம், கதை அவ்வளவு ருசி எண்டு!"

சிரித்தேன். பிறகு அழுதேன். சத்தம் வராமல், பாயைக் கடித்துக்கொண்டு.

"இருக்க விடமாட்டினம் எண்டு தெரிஞ்சு மறைச்சவள்." அதை அவள் என்ன முகத்தோடு சொல்லியிருப்பாள்? கை நடுங்கியிருக்குமா?

ஒக். 31, வெள்ளி

காற்று. மழை இல்லை.

இன்றைக்குத்தான் அம்மாவுக்குச் சொல்ல இருந்த நாள்.

க. வந்தாள். வெள்ளிக்கிழமை, கோவிலுக்குப் போகிற உடுப்பு, கையில் பூத்தட்டு. வீட்டுக்குள் வரவில்லை. பின்பக்கத்தால் சுற்றி வந்து, என் யன்னலுக்கு நேரே, முருங்கை மரத்தடியில் நின்றாள். நாங்கள் சாதாரணமாகக் கதைக்கிற தூரத்தை விட நல்ல தூரம்.

"எப்பிடியடி இருக்கிறாய்?"

"இருக்கிறன்."

"கோவமோ?"

நான் யன்னல் கம்பியின் துருவைச் சுரண்டினேன்.

"எனக்குப் பயமா இருந்ததடி. லோஞ்சு நிண்டதெல்லோ. வீட்டை வந்து சாப்பிடேலாமப் போச்சு. அம்மா கேட்டவ, வாயில வந்திட்டுது." தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "நீ சொல்லுறதைத்தான் நான் சொன்னனான். எல்லாரும் கைதட்டினவை. உன்ர பேரைச் சொல்ல நினைச்சனான். நேரம் முடிஞ்சு மணி அடிச்சிட்டினம்."

"ம்."

"மாகாணப் போட்டி 14ஆம் திகதி."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. கீழே பார்த்தாள். "உன்ர சாமத்திய வீட்டுக்கு எனக்கு வரேலாமப் போகுதடி. அதுதான் எனக்குக் கவலை. நீ சாறி கட்டி நிக்கேக்க நான் பக்கத்தில நிக்கோணுமெண்டு எவ்வளவு ஆசை. வீடியோ காட்டு, என்ன?"

அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. கோபப்படவும் விடாமல் கவலைப்படுகிறாள்.

பிறகு தொண்டையைச் செருமினாள். வந்த காரியம்.

"மது, மாகாணத்துக்கு வேற கேள்வி தந்திருக்கினம். செல்வி பேசினா என்ன சொல்லுவாள் எண்டு. புத்தகத்தில அவள் கடைசி வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை தானே. எல்லாரும் ராஜுவைத்தான் கேக்கினம். ரீச்சரும் நானும் நேற்று இருந்து யோசிச்சம், ஒண்டும் வருகுதில்லை. ரீச்சர் சொன்னவ, மதுவிட்டக் கேட்டுப் பார், அவளுக்குத்தான் அந்தப் பிள்ளையைத் தெரியும் எண்டு."

எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. முழுவதும், ஒரே மூச்சில், செல்வி அதிபருக்கும் ஆசிரியருக்கும் ராஜுவுக்கும் சொல்லுகிறதெல்லாம். இந்த மூலையில் இருந்து இத்தனை நாளும் வேறு என்ன யோசித்தேன்?

"சொல்லடி. கெதியாச் சொல்லு, பூசை தொடங்கப் போகுது."

"கிட்ட வா, சொல்லுறன்."

"இஞ்சை நிண்டா எனக்குக் கேக்கும்."

"எனக்குக் கத்தேலாது. அம்மா நிக்கிறா. யன்னலடிக்கு வா. கையை நீட்டு, கையில எழுதிக் காட்டுறன்."

அவள் என் கையைப் பார்த்தாள். நான் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றேன். மஞ்சள் பூசின கை. அவள் தட்டைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். ஒரு கால் முன்னுக்கு வந்தது. உண்மையாக வந்தது.

"குளிச்சிட்டனடி," என்றாள்.

நான் கையை எடுக்கவில்லை. அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. அம்மா வந்து, காத்துப் படக்கூடாது என்று யன்னலைச் சாத்தினா.